வாட்டுத் தொட்டி விசிறி இறக்கை: ரெசினில் நனோ காபன் கலந்தால் வெடிப்பு நிற்குமா?

ஹட்டன் ஃபைபர்

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டனில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறேன். முச்சக்கர வண்டி மட்கார்ட், தண்ணீர்த் தொட்டி மூடி, கூரைத் தகட்டுக்கு ஒட்டு, இப்படித்தான் வேலை ஓடுகிறது. இப்போது பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரிலிருந்து (தொழிற்சாலை) வேறு மாதிரி வேலை வந்திருக்கிறது. கொழுந்து வாட்டும் தொட்டிக்குக் காற்று அடிக்கும் பெரிய விசிறி இருக்கிறதல்லவா, அதற்கு வெளியில் வாங்கிப் போட்ட ஃபைபர் இறக்கைகள் அடிப்பக்கத்தில் வெடிக்கின்றன. இரும்புக் குடத்தோடு போல்ட் போட்டு இறுக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, முதலில் தலைமயிர் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு வருகிறது. பிறகு அது அகலத்துக்கு ஓடுகிறது. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். உள்ளே முழுக்க வெட்டுநூல் மேட் (கண்ணாடி நூலைத் துண்டு துண்டாக வெட்டிப் பரப்பியது), பொலியெஸ்டர் ரெசின். போல்ட் ஓட்டையைச் சுற்றி நூலே இல்லாமல் வெறும் ரெசின் கட்டியாக நிற்கிறது.

புது இறக்கை செய்து தரச் சொல்கிறார்கள். காபனால் ஆன நுண்ணிய குழாயான நனோகுழாய், ஓர் அணு தடிப்புள்ள காபன் படலமான கிரபீன் என்று யூடியூபில் நிறையப் பார்த்தேன். ஒரு சிட்டிகை போட்டால் ரெசின் இரும்பாகிவிடும் என்கிறார்கள். அது உண்மையா? உண்மையென்றால், நம்முடைய போகல சுரங்கத்துக் காரீயத்தையே (பென்சிலுக்குள் இருக்கிற கிராபைட்) நைசாக அரைத்து ரெசினில் கலக்கலாமா, வெளியில் இருந்து தூள் எடுக்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டகலை மாணவன்

அண்ணே, தாராளமாகக் கலக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். உயர்தரத்துக்குத் தொழில்நுட்பம் படிக்கிறேன். கிரபீன் உருக்கை விட 100 மடங்குக்கு மேல் பலம். 2004இல் மான்செஸ்டரில் கைம், நோவோசெலோவ் இருவரும் காரீயத்தில் செலோடேப்பை ஒட்டி உரித்தே அதைப் பிரித்தார்கள். 2010இல் நோபல் பரிசும் கிடைத்தது. நம் நாட்டுக் காரீயமோ நரம்பு நரம்பாகப் பாறையில் ஓடும் வகை. வியாபார அளவில் இந்த வகையைத் தோண்டி எடுப்பது இலங்கை மட்டும்தான். மூலப்பொருள் நம் காலடியில் இருக்கிறது.

ஹந்தானை மழை

பேராதனையில் பல்பகுதியங்கள் (பொலிமர்) தொடர்பாகப் பட்டமேற்படிப்புச் செய்கிறேன். தம்பி சொன்ன தகவல்கள் சரி. ஆனால் அதிலிருந்து “அரைத்துக் கலக்கலாம்” என்ற முடிவுக்கு வர முடியாது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காரீயம் என்பது கிரபீன் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வெற்றிலைக் கட்டு. ஒரு படலத்துக்குள் காபன் அணுக்களின் பிணைப்பு அபாரமானது. படலத்துக்கும் படலத்துக்கும் இடையில் இருப்பதோ பலவீனமான வந்தர்வாலின் விசை மட்டும். அதனால்தான் பென்சில் எழுதுகிறது, அதனால்தான் பூட்டுக்குக் காரீயத் தூள் போடுகிறோம். ஆட்டுக்கல்லில் அரைத்தாலும் அரைவை இயந்திரத்தில் அரைத்தாலும் நமக்குக் கிடைப்பது சின்னச் சின்னக் கட்டுகள்தான். ஒவ்வொரு துகளிலும் ஆயிரக்கணக்கான அடுக்கு இருக்கும். அதை ரெசினில் போட்டு இழுத்தால் அடுக்குகள் வழுக்கி, அந்த இடத்திலேயே வெடிப்புத் தொடங்கும். இறக்கைக்கு அது கெடுதல்.

சரி, நிஜமான கிரபீனோ நனோகுழாயோ கிடைத்தால்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரெசினின் யங்கின் மட்டு, அதாவது விறைப்பின் அளவு, ஏறத்தாழ 3 ஜிகாபாஸ்கல். நனோகுழாய்க்கு ஏறத்தாழ 1000. கனவளவில் அரை வீதம் கலக்கிறோம், குழாய்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன என்று வையுங்கள். அப்படிக் கிடந்தால் ஐந்தில் ஒரு பங்கு பலன்தான் தேறும். 0.005ஐ 1000ஆலும் 0.2ஆலும் பெருக்கினால் 1. ஆக 3 இருந்த இடத்தில் 4 வரும். அதுவும் ஒவ்வொரு குழாயும் தனித்தனியாகப் பிரிந்து, ரெசின் அதை இறுகப் பிடித்திருந்தால்தான். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய பல சுவர்க் குழாய் என்றால் வெளிச்சுவர்தான் ரெசினோடு ஒட்டுகிறது, உள்சுவர்கள் பாரத்தில் பங்கு எடுப்பது குறைவு. அதனால் கையில் வருவது இன்னும் குறையும்.

இனி உங்கள் கண்ணாடி நூலைப் பாருங்கள். அதன் மட்டு 72. வெட்டுநூல் மேட்டில் கனவளவில் 18 வீதம் நூல் இருந்தாலே முழுப்பொருளும் 7 ஜிகாபாஸ்கலுக்கு வந்துவிடும். அதே நூலை ஒரே திசையில், 40 வீதம் வரும்படி ஓடவிட்டால் அந்தத் திசையில் 30. நனோவுக்குச் செலவழிக்கிற காசை முதலில் நூலின் திசைக்குச் செலவழியுங்கள் என்பதுதான் என் கருத்து.

ஹட்டன் ஃபைபர்

கணக்கு விளங்கியது தங்கச்சி, நன்றி. ஆனால் ஒரு கேள்வி. விசிறி இறக்கையில் நூல் அறுந்து நான் பார்க்கவில்லை. ரெசின்தான் வெடிக்கிறது, மேட் அடுக்கு அடுக்காகப் பிரிகிறது. அப்படியென்றால் ரெசினைப் பலப்படுத்துவதில் பயன் இருக்கத்தானே வேண்டும்?

ஹந்தானை மழை

நல்ல கேள்வி அண்ணா. நனோ காபனுக்கு உண்மையான வேலை இருக்கிற இடமும் அதுதான். விறைப்பில் அது தருவது சொற்பம். வெடிப்பு ஓடுவதைத் தடுப்பதில் தருவது அதிகம். மெல்லிய வெடிப்பு முன்னேறும்போது குழாய்கள் இரண்டு கரையையும் பாலம் போலப் பிடித்திருக்கும். கடைசியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வரும். அந்தப் பிடுங்கலுக்குச் சக்தி செலவாகிறது, வெடிப்பு மந்தமாகிறது. கிரபீன் தட்டுகள் என்றால் வெடிப்பை நேர்கோட்டில் போக விடாமல் வளைத்துத் திருப்பும்.

2009இல் அமெரிக்காவின் ரென்சிலியர் நிறுவனத்தில் எபோக்சி என்ற இன்னொரு வகை ரெசினுக்கு எடையில் வெறும் 0.1 வீதம் கிரபீன் தட்டுகள் கலந்து சோதித்தார்கள். மட்டு 31 வீதமும், இழுவிசைப் பலம் 40 வீதமும், வெடிப்பைத் தாங்கும் திறன் 53 வீதமும் கூடின. அதே அளவு பல சுவர் நனோகுழாய்க்கு வெடிப்புத் திறன் 20 வீதம்தான் கூடியது. தட்டுகளின் மேற்பரப்பு கரடுமுரடாக இருந்து ரெசினை நன்றாகப் பற்றியது ஒரு காரணம்.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு உடனே தூள் வாங்க ஓடாதீர்கள். அது எபோக்சி, ஆய்வுகூடக் கலவை, கண்ணாடி நூலே இல்லாத சின்னத் துண்டுகள். பட்டறையில் கை வைத்தவுடன் மூன்று சிக்கல் வரும். ஒன்று, இந்தத் தூளின் மேற்பரப்பு பிரமாண்டமானது. ஒற்றைப் படலக் கிரபீனுக்குக் கோட்பாட்டளவில் ஒரு கிராமுக்கு 2,600 சதுர மீற்றருக்கு மேல். அவ்வளவு பரப்பையும் நனைக்க ரெசின் போவதால் அரை வீதத்திலேயே ரெசின் கூழ் மாதிரித் தடித்துவிடும். காற்றுக் குமிழ் வெளியேறாது, மேட் ஒழுங்காக நனையாது. இரண்டாவது, கையால் கலக்கினால் குழாய்கள் பிரியவே பிரியாது, உருண்டையாகத் திரண்டு நிற்கும். அந்த உருண்டை ஒவ்வொன்றும் ரெசினுக்குள் ஒரு ஓட்டைக்குச் சமம். மூன்று உருளை அரைவை போன்ற இயந்திரம் இல்லாமல் அதைப் பிரிக்க முடியாது. மூன்றாவது உங்களுக்கு நேரடியாகப் பட்டது. பொலியெஸ்டர் இறுகுவது மூலிகங்களால் (சட்டென வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகள்). காபன் தூள் அந்த மூலிகங்களை விழுங்கி இறுகுவதைத் தாமதமாக்கும். ஹட்டன் குளிரில் அது சின்ன விஷயம் இல்லை.

ஊவாக் காற்று

பண்டாரவளையில் இருந்து. வெளிநாட்டில் பல வருடம் ஃபைபர் படகுகளிலும் கூலிங் டவர் விசிறிகளிலும் வேலை பார்த்தவன். ஹட்டன் தம்பிக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். இது மட்கார்ட் இல்லை, சுற்றுகிற பொருள்.

நாலு அடி விசிறி, நிமிடத்துக்கு 960 சுற்று என்று வையுங்கள். ஓர் இறக்கை ஒரு கிலோ, அதன் பாரமையம் நடுவிலிருந்து 40 சென்ரிமீற்றர். மையநீக்க விசை ஏறத்தாழ 4,000 நியூற்றன் வரும். அதாவது ஒரு கிலோ இறக்கையின் அடியில் 400 கிலோ தொங்குகிற மாதிரி, விசிறி ஓடும் நேரம் முழுக்க. நுனியின் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல். அதற்கு மேலே காற்றின் அதிர்வு வேறு. இந்தப் பாரம் முழுவதும் அந்தப் போல்ட் ஓட்டைப் பக்கம்தான் வந்து சேர்கிறது. அங்கே நூல் இல்லாமல் ரெசின் கட்டி நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ரெசினுக்குள் உலகத்தில் உள்ள எந்த நனோவைப் போட்டாலும் வெடிக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். நூல் நுனியில் தொடங்கி, அடிக்கு வந்து, உள்ளே வைக்கிற இரும்புத் துண்டை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி நுனிக்குப் போக வேண்டும். அறுபடாத ஒரே ஓட்டம். ஒரு திசை நூல் கிடைக்காவிட்டால் நெய்த ரோவிங் துணியை (தடித்த கண்ணாடி நூலால் நெய்தது) வெட்டிப் போடலாம். வெட்டுநூல் மேட் மேல்தோலுக்கு மட்டும். இறுகிய பிறகு ஓட்டை துளைக்காதீர்கள். துளைத்தால் சுற்றி வந்த நூலையே அறுத்துவிடுவீர்கள். தடித்த அடியிலிருந்து மெல்லிய இறக்கைக்குப் போகும் இடத்தில் கூர்மூலை வைக்காமல் பெரிய வளைவு கொடுங்கள். உங்கள் வெள்ளைக் கோடு வருகிற இடம் அந்தக் கூர்மூலையாகத்தான் இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.

குளிரைப் பற்றித் தங்கச்சி சொன்னதும் முக்கியம். பொலியெஸ்டர் 18 பாகைக்குக் கீழே ஒழுங்காக இறுகாது. மேல் பக்கம் கல்லாகத் தெரியும், உள்ளே ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவம் மிச்சம் இருக்கும். அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் இறுகவில்லை. எபோக்சிக்கு மாறினால் குளிரும் ஈரமும் சேர்ந்து மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அதைக் கழுவாமல் அடுத்த அடுக்குப் போட்டால் அங்கேயே பிரியும். அடுக்கு அடுக்காகப் பிரிந்தது என்று சொன்னீர்களே, அந்த இறக்கைக்கும் ஏதோ ஒரு குளிர்ப் பட்டறையில் இந்தக் கதிதான் நடந்திருக்கலாம்.

ஹட்டன் ஃபைபர்

பார்த்தேன் அண்ணே. அறுத்த துண்டில் வெடிப்பு அந்தக் கூர்மூலையில்தான் தொடங்குகிறது. மூலைக்குள் ஒரு விரல் அகலத்துக்கு மேட்டே இறங்கவில்லை.

வெக்கை கொடுக்க ஒரு யோசனை. ஸ்டோரில் ட்ரையர் பக்கம் நல்ல சூடு இருக்கிறது. செய்து முடித்த இறக்கைகளைக் கொண்டுபோய் அங்கே இரவு வைத்தால்?

டீமேக்கர்

வேண்டவே வேண்டாம் தம்பி! நான் ஒரு ஸ்டோரில் டீமேக்கர், தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பு. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். வெங்காயம் வைத்த அறையில் கூடத் தேயிலை வைக்கமாட்டோம். ஸ்டைரீன் வாடை ட்ரையர் காற்றில் கலந்தால் அன்றைய தேயிலை முழுவதும் போச்சு, ஏலத்தில் ருசி பார்ப்பவர் ஒரு வாயில் கண்டுபிடித்துவிடுவார். வாட்டுத் தொட்டியில் புது இறக்கை பூட்டினாலும் இதே பயம்தான். 12 மணி, 14 மணி நேரம் அந்த இறக்கை தள்ளுகிற காற்றுத்தானே கொழுந்துக்குள் போகிறது. முழுதாக இறுகி, வாடை துளியும் இல்லாத இறக்கையைத்தான் நான் உள்ளே விடுவேன்.

இன்னொன்று. விசிறிக்கு முன்னாலும் பின்னாலும் கம்பி வலை இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அதை முதலில் போடச் சொல்லுங்கள். தொட்டியில் கொழுந்து பரப்புகிற பிள்ளைகள் அந்த விசிறிக்குப் பக்கத்தில்தான் நடமாடுகிறார்கள்.

ஊவாக் காற்று

டீமேக்கர் ஐயா சொல்வது சரி. பட்டறையிலேயே பலகைப் பெட்டி ஒன்று அடித்து, ரெஜிபோம் (சூட்டை வெளியே விடாத நுரைத் தகடு) ஒட்டி, ஹீட்டர் வையுங்கள். எபோக்சி என்றால் 60 பாகையில் ஓர் இரவு. பெட்டிக்குள் வெப்பமானி கட்டாயம். பொலியெஸ்டரை விட எபோக்சிக்குச் செலவு கூட, ஆனால் ஸ்டைரீன் வாடை என்ற பேச்சே இல்லை, உலோகத்தோடும் நன்றாக ஒட்டும். இந்த வேலைக்கு நான் எபோக்சிதான் எடுப்பேன். பூட்டுவதற்கு முன் எல்லா இறக்கையையும் நிறுத்துச் சமப்படுத்துங்கள், ஒன்று கூடக் குறைய இருந்தால் அச்சு ஆட ஆரம்பிக்கும்.

யட்டியாந்தோட்டை இறப்பர்

நான் கொஞ்சம் பக்கவாட்டில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் பக்கம் தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள். அம்மா பால் வெட்டினார், நான் இப்போது டயர் கலவை தயாரிக்கிற இடத்தில் வேலை செய்கிறேன். நனோ காபன் என்றவுடன் எல்லாரும் ஆய்வுகூடத்தை நினைக்கிறீர்கள். நான் வேலை செய்கிற கலவை இயந்திரத்துக்குள் மூட்டை மூட்டையாகப் போகிற காபன் கறுப்பும் நனோதான்! அதன் அடிப்படைத் துகள் 20, 30 நனோமீற்றர். பழைய காலத்து டயர்கள் வெள்ளையாகத்தான் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காபன் கறுப்பைச் சேர்த்தபோது தேய்மானம் பல மடங்கு குறைந்ததால்தான் டயர் கறுப்பானது.

அங்கேயும் விஷயம் கலக்குவதில்தான் இருக்கிறது. இறப்பர் தடித்த பொருள், இயந்திரத்தின் இரண்டு ரோட்டர்களுக்கு இடையே அது நசுங்கும்போது வருகிற விசைதான் கறுப்பு உருண்டைகளை உடைக்கிறது. ஒரு சுற்று முடிந்து தகடாக இழுத்து, பிளேடால் வெட்டி, வெட்டு முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்போம். மினுமினுப்பாக, வழவழப்பாக இருந்தால் சரி. மணல் தூவிய மாதிரிப் புள்ளி புள்ளியாக இருந்தால் உள்ளே உருண்டை உடையவில்லை, அந்தக் கலவை திரும்பவும் இயந்திரத்துக்குள் போகும். ஹட்டன் தம்பியின் தண்ணீர் மாதிரி ரெசினுக்குள் அந்த நசுக்கு விசையே வராது. துரப்பணத்தில் கம்பியை மாட்டிச் சுற்றினால் துகள்கள் ரெசினோடு சேர்ந்து சும்மா சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

ஆனால் இறப்பருக்கு இன்னொரு வழி இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. இறப்பர்ப் பால் என்பது தண்ணீருக்குள் மிதக்கிற இறப்பர்த் துளிகள். கிரபீனோடு ஒட்சிசன் சேர்ந்த கிரபீன் ஒட்சைட்டு தண்ணீரில் நன்றாகப் பிரிந்து நிற்கும். இரண்டையும் பாலாக இருக்கும்போதே கலந்து, பிறகு அமிலம் விட்டு உறைய வைத்தால், பிரிந்தது பிரிந்தபடி இறப்பருக்குள் அகப்பட்டுவிடும். நனோகுழாயையும் சவர்க்காரம் மாதிரி ஒன்றின் உதவியோடு தண்ணீரில் பிரித்து இப்படிச் செய்கிறார்கள். துளிகளுக்கு நடுவில் காபன் வலை பின்னியது போல நிற்பதால் மிகக் கொஞ்ச அளவிலேயே மின்சாரமும் கடத்தும். 1876இல் ஹெனரத்கொடவில் முதல் இறப்பர்க் கன்றுகள் நட்ட நாடு இது, கேகாலை மாவட்டத்திலேயே போகல சுரங்கமும் இருக்கிறது, இறப்பர்த் தோட்டமும் இருக்கிறது. இந்த இரண்டும் சந்திக்க வேண்டிய இடம் பால் வாளி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கொட்டகலை மாணவன்

அண்ணா, இதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். அவ்வளவு நல்ல காரீயத்தை ஏன் இன்னும் காரீயமாகவே கப்பலேற்றுகிறோம்? முதலாம் உலகப் போர்க் காலத்தில் உச்சத்துக்குப் போன ஏற்றுமதி, நூறு வருடத்துக்குப் பிறகும் நாம் அதே மூட்டையைத்தான் கட்டுகிறோம். வீட்டிலேயே கிரபீன் ஒட்சைட்டு செய்ய ஹம்மர்ஸ் முறை என்று ஒன்று பார்த்தேன். கந்தக அமிலம், பொற்றாசியம் பரமங்கனேற்று, அவ்வளவுதான். ஸ்கூல் லேபில் செய்து பார்க்கலாமா?

ஹந்தானை மழை

தம்பி, தயவுசெய்து வேண்டாம். செறிந்த கந்தக அமிலத்தோடு பரமங்கனேற்று சேரும்போது மங்கனீசு ஏழொட்சைட்டு உருவாகும். சூடு கொஞ்சம் ஏறினாலே வெடிக்கிற பொருள் அது. 1958இல் வந்த முறை, உலகம் முழுவதும் செய்கிறார்கள், ஆனால் பனிக்கட்டித் தொட்டி, புகை உறிஞ்சும் அலமாரி, பக்கத்தில் அனுபவமுள்ளவர் எல்லாம் இருக்கும் இடத்தில். ஆர்வத்தை விடாதீர்கள். உயர்தரம் முடித்து வாருங்கள், ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, 2008இல் தொடங்கிய நனோ தொழில்நுட்ப நிறுவனம் ஹோமாகமவில் இயங்குகிறது, எங்கள் பல்கலைக்கழகமும் இருக்கிறது. நம் காரீயத்தில் இந்த நாட்டில் ஆய்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது. தோட்டப் பிள்ளைகள் அந்த ஆய்வுகூடங்களுக்குள் இன்னும் நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை.

ஏற்றுமதி பற்றிய உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் காரீயம் இருப்பதாலேயே கிரபீன் தொழில் வந்துவிடாது. கிரபீன் என்று விற்பதையே நம்ப முடியாத சந்தை இது. 2018இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகெங்கும் 60 தயாரிப்பாளர்களின் தூளை எடுத்துப் பரிசோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிரபீன் 10 வீதம் கூட இல்லை, ஒன்றுகூட 50 வீதத்தைத் தாண்டவில்லை. மிச்சம் வெறும் காரீயத் தூள். ஹட்டன் அண்ணா, ஒன்லைனில் டப்பாவில் வருவதை வாங்கினால் உங்கள் கைக்கும் அதுவே வரலாம்.

இறப்பர் அண்ணாவின் பால் வாளி யோசனைக்கு என் முழு ஆதரவு. தூளை உலர வைக்காமல் தண்ணீரிலேயே வைத்திருப்பதால் திரும்பத் திரளும் வாய்ப்புக் குறைவு.

மஸ்கெலியா தாதி

இதையெல்லாம் வாசித்துக்கொண்டே வந்தேன். தூளைப் பற்றிப் பேசுகிறீர்கள், மூச்சைப் பற்றி யாரும் பேசவில்லை. நெஞ்சு நோயாளிகளைத் தினமும் பார்க்கிறவள் நான், அதனால் கேட்கிறேன். இந்த நனோகுழாய் நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும்?

ஹந்தானை மழை

நல்லவேளை கேட்டீர்கள் அக்கா. நீண்டு விறைப்பான பல சுவர் குழாய்கள் எலிகளில் அஸ்பெஸ்டஸ் நார் மாதிரியே எதிர்வினை காட்டுகின்றன என்று 2008இல் ஓர் ஆய்வு வந்தது. 2014இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, அதில் ஒரு குறிப்பிட்ட வகைக் குழாயை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. மற்ற வகைகளைப் பற்றி முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த எல்லை, ஒரு கன மீற்றர் காற்றில் 1 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியாத அளவு அது.

அதனால் உலர்ந்த தூள் பட்டறைக்குள் வரவே கூடாது என்பேன். ரெசினுக்குள் முன்பே பிரித்துக் கலந்து விற்கும் செறிந்த கலவை இருக்கிறது, அதை வாங்கி வெறும் ரெசினோடு மெலிதாக்கலாம். இறுகிய பிறகு தேய்ப்பது என்றால் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

மஸ்கெலியா தாதி

நன்றி தங்கச்சி. ஹட்டன் தம்பி, நனோ இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாயில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு ஃபைபர் தேய்க்கிற வேலையை இன்றோடு நிறுத்துங்கள். கண்ணாடித் தூளே போதும் நெஞ்சைக் கெடுக்க. முகத்தோடு இறுகப் பொருந்துகிற வடிகட்டி மாஸ்க் வேண்டும், வேலைக்கு நிற்கிற பையன்களுக்கும் சேர்த்து. வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

ஹட்டன் ஃபைபர்

சரி அக்கா, மாஸ்க் எல்லாருக்கும் வாங்குகிறேன்.

இதுவரை நான் விளங்கிக்கொண்டபடி முடிவு எடுத்துவிட்டேன். எபோக்சி, நெய்த ரோவிங் துணி, இரும்பைச் சுற்றி வரும் நூல், மூலையில் பெரிய வளைவு, சூட்டுப் பெட்டி. நனோவை விட்டுவிடவா, அல்லது அந்த அடிப்பக்கத்துக்கு மட்டும் செறிந்த கலவையைப் போட்டுப் பார்க்கவா? செலவு தாங்கும், இறக்கையின் அடி சின்ன இடம்தானே.

ஹந்தானை மழை

அடிக்கு மட்டும் என்றால் செய்து பார்க்கத் தகுந்தது. அதில் இன்னொரு பலனும் இருக்கிறது, என்னைக் கேட்டால் பலத்தை விட உங்களுக்கு அதுதான் பெரியது.

எபோக்சி மின்சாரம் கடத்தாது. கண்ணாடி நூலும் கடத்தாது. ஆனால் நன்றாகப் பிரிந்த நனோகுழாய் எடையில் 0.1 வீதம் அளவிலேயே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உள்ளே ஒரு வலையாகிவிடும், பொருள் கடத்த ஆரம்பிக்கும். வெடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் வலை அறும், மின்தடை கூடும். 2006இல் டெலவெயர் பல்கலைக்கழகத்தில் கண்ணாடி நூல் கொம்போசிட்டில் இதைச் செய்து காட்டினார்கள். வெளியே ஒன்றும் தெரியாத கட்டத்திலேயே, உள்ளே அடுக்குப் பிரிவதைத் தடையின் ஏற்றம் காட்டிக்கொடுத்தது. அதாவது இறக்கையின் அடியில் வெடிப்பு விழுந்ததை அந்த அடியே சொல்லும்படி செய்யலாம், ஒரு சாதாரண மல்டிமீற்றர் போதும்.

ஊவாக் காற்று

இது எனக்கும் புதிது, பிடித்திருக்கிறது. தங்கச்சி, இரும்புத் துண்டு உள்ளே இருக்கிறதே, மின்சாரம் அதன் வழியாகக் குறுக்கே ஓடிவிடாதா?

ஹந்தானை மழை

ஓடும். அதனால் இரும்பைச் சுற்றி முதலில் வெறும் எபோக்சியில் ஓர் அடுக்குக் கண்ணாடித் துணி. அது காவலி, மின்சாரத்தைத் தடுக்கும். அதற்கு மேல் நனோகுழாய் கலந்த கறுப்பு ரெசின் அடுக்குகள், அந்த வளைவு வரும் இடத்தை மூடும்படி. கறுப்பின் இரண்டு முனையிலும் மெல்லிய செம்பு நாடாவைப் பதித்து, நுனியை மட்டும் வெளியே விடுங்கள். மேல்தோல் மறுபடி வெறும் ரெசின். அப்படிச் செய்தால் கறுப்பைத் தேய்க்கிற வேலையும் இல்லை, கொழுந்துக்குப் போகும் காற்றில் அது படவும் படாது.

இரண்டு எச்சரிக்கை. தடை சூட்டுக்கும் ஈரத்துக்கும் மாறும், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி நிலையில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். அப்புறம், முதலில் இறக்கையில் செய்யாதீர்கள். ஒரே அளவில் பட்டைகள் வார்த்து, பாதி வெறும் எபோக்சி, பாதி கறுப்பு, இரண்டு முனையையும் தாங்கி நடுவில் பாரம் தொங்கவிட்டு முறித்துப் பாருங்கள். கறுப்புப் பட்டை வெறும் பட்டையை விடச் சீக்கிரம் முறிந்தால் உங்கள் கலவை பிரியவில்லை என்று அர்த்தம், அதை இறக்கைக்குப் போடக்கூடாது.

யட்டியாந்தோட்டை இறப்பர்

முறித்த முகத்தை வெளிச்சத்தில் சாய்த்தும் பாருங்கள் தம்பி. கறுப்பு சீராக இருக்கிறதா, புள்ளி தெரிகிறதா என்று கண்ணே சொல்லும்.

டீமேக்கர்

அளக்கிற பொறுப்பை என்னிடம் விடலாம். திங்கட்கிழமை காலையில், கொழுந்து வருவதற்கு முன், விசிறிகள் குளிர்ந்து கிடக்கிற நேரம். மெயின் சுவிட்சை இழுத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒவ்வொரு இறக்கையாக அளந்து பதிவேட்டில் எழுதிவைக்கிறேன். எவ்வளவு கூடினால் இறக்கையைக் கழற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஹந்தானை மழை

ஐயா, அந்த எல்லையை இப்போதே சொல்ல முடியாது. ஹட்டன் அண்ணா பட்டைகளை முறிக்கும்போது பாரம் ஏற ஏறத் தடையையும் அளந்து எழுதட்டும். முதல் சத்தம் கேட்கும் இடத்தில் எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரியும், அதற்குப் பாதியை எல்லையாக வைப்போம். எண்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

ஹட்டன் ஃபைபர்

சரி தங்கச்சி. பட்டைக்கு அச்சு இன்று வெட்டுகிறேன். ஐயா, பழைய இறக்கைகளில் வெள்ளைக் கோடு விழுந்தவை எத்தனை இன்னும் ஓடுகின்றன என்று உங்கள் ஸ்டோரிலும் ஒருதரம் டோர்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். கோடு தெரிந்தால் அந்த விசிறியைப் போட வேண்டாம்.